பிரிக்காத பொட்டலம்

எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது. மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் உப்பளம் வந்துவிடும். காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, துவைத்துக் காயப்போட்ட பாவாடையில் உப்பு. அப்படிப்பட்ட ஊருக்கு வானூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, காசு கொடுத்து உப்பு வாங்கி, அதைக் குளத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர்கள் புண்ணியத்தில்தான் என் அத்தை சோறு தின்றாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமான சில வருஷத்திலேயே மாமா போய்ச் சேர்ந்துவிட, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வீட்டில் என் அம்மாவுக்கு அவள் அடங்கித்தான் நடப்பாள். குழம்பில் புளி தூக்கல் என்றுகூட வாய் திறக்க மாட்டாள். ஆனால் அம்மன் கோயில் வாசலில், குளத்துக்குப் போகும் வழியில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டால் ராணிதான். அங்கே அவள் உப்பும் மிளகும் விற்றாள். போலீஸ்காரர் வந்தாலும், "செருப்ப அந்தாண்ட வுடுங்க" என்பாள்.

எங்கள் அம்மனுக்கு மருவும் கொப்புளமும் போக்குகிற அம்மன் என்று பேர். ஆடி வெள்ளிகளில் கூட்டம் நெரியும். உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டு படியில் இறங்கி, குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பொட்டலத்தால் தலையைச் சுற்றி, பின்பக்கமாகத் தண்ணீரில் எறிய வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எறிந்த பிறகு திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பிப் பார்த்தால், போன மரு பின்னாலேயே ஓடி வந்துவிடும் என்பார்கள். தண்ணீரில் காகிதம் ஊறிக் கிழியும், உப்பு கரையும், உப்போடு மருவும் கரையும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இதில் காகிதம்தான் தொல்லை. ஆடிக் காற்றும் கடல் ஈரமும் சேர்ந்து உப்பைக் கசியவைக்கும். அத்தை காலையில் மடித்து வைத்த செய்தித்தாள் பொட்டலம் பத்து மணிக்கே சொதசொதவென்று ஆகிவிடும். வாங்கினவர்கள் படிக்குப் போவதற்குள் அடியில் பிய்த்துக்கொண்டு கொட்டும். "இன்னாக்கா இது? பாதி உப்பு வழியிலயே போச்சு. பாதி மருதான் போவும் போலக்கீது" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபியைக்கூடக் குடிக்கவில்லை.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த பாய் பாண்டிச்சேரியிலிருந்து கண்ணாடிக் கவர் கொண்டுவந்தார். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் அப்போது பிளாஸ்டிக் கவருக்கு இருந்த மரியாதை இப்போது சிலருக்கு இல்லை. ஒரு கவர் கிடைத்தால் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்போம். ரேஷன் கார்டுக்கு ஒன்று, மழையில் தலைக்கு ஒன்று என்று வீட்டில் பங்கு பிரிப்பார்கள். பாயின் தம்பி துபாயிலிருந்து வந்தபோது செருப்பைக்கூடக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார் என்று தெருவே அதிசயப்பட்டது.

"அக்கா, இதுல போட்டுப் பாரு. மழயில வச்சாலும் ஒரு சொட்டு உள்ள போவாது" என்றார் பாய்.

அத்தை எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. ஒரு கவரில் உப்பும் மிளகும் போட்டு, வாயை மெழுகுவத்தியில் ஒட்டித் தரும்படி என்னிடம் சொன்னாள். அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மேலே கல்லை வைத்து, ராத்திரி முழுக்க விட்டாள். காலையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே உப்பு பொரிமாவு மாதிரி உலர்ந்து கிடக்கிறது! அத்தை அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எல்லோரும் பொட்டலத்தை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். பூசாரி வந்து பார்த்தார். "அட, தண்ணிக்குள்ளயே கெடந்தும் கரயலயே! கெட்டிக்காரிதான் நீ" என்று வாயாரப் புகழ்ந்தார். அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு எப்போது கரையும், எப்போது கரையாது என்று அவருக்குத் தெரியாதது இல்லை. அவரும், "ஆமாமா, சூப்பர்" என்று தலையாட்டினார். அந்தத் தெருவில் நாங்கள் அத்தனை பேரும் தண்ணீருக்குள் உப்பு கரையாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தோம். பார்த்துக் கைதட்டினோம். அதற்கு மேல் ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை.

பொட்டலம் ஒட்டுகிற வேலை என்னுடையது. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்துகொண்டு, கல்யாணத்துக்கு ஜாதகம் எடுத்திருந்த காலம். கவரின் வாயை மடித்து, உடைந்த ரம்பத் தகடு ஒன்றை மேலே வைத்து, விளிம்பை மெழுகுவத்திச் சுடரில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். தகட்டின் ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்ததால் நான் ஒட்டின ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு மூலையில் சின்னக் கொக்கி விழும். என் கம்பெனி மார்க்கு என்று சொல்லிக்கொள்வேன். கல்யாணச் சந்தையில் நிறுத்தப்பட்ட எனக்கு மூக்கு நுனியில், யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கவே முடியாத இடத்தில், ஒரு மரு. என் வேண்டுதலுக்கு நான் போட்ட பொட்டலங்களை மட்டும் பக்தியோடு இரண்டு தரம் ஒட்டினேன்.

முதல் வெள்ளியே வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. உப்பு வெள்ளை வெளேரென்று மின்ன, மிளகு கறுகறுவென்று தெரிய, பார்க்கவே அழகு. தண்ணீரில் விழும் சத்தமும் மாறியது. காகிதப் பொட்டலம் 'சொத்' என்று விழும். இது 'பொளக்' என்றது. "சாமி வாங்கிக்கிச்சு, கேட்டியா?" என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதே.

என் மூக்கு மரு மட்டும் போவதாக இல்லை. கொஞ்சம் பெருத்தது என்றே நினைக்கிறேன். எக்கியார்குப்பத்திலிருந்து மீன் விற்க வருகிற அம்மா ஒருத்தி, தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தாள். பத்து வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்குக் கை நிறைய மரு. ஸ்கூலில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லையாம். "போன வாரமும் போட்டேன்க்கா. ஒண்ணுகூட உதிரல" என்றாள். அத்தை, "மனசு சுத்தமா வேண்டிக்கணும்மா" என்று சொல்லி இன்னொரு பொட்டலம் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் பூசாரி குளத்தில் இறங்கினார். வெயிலுக்குக் குளம் வற்றி, வழக்கத்தைவிடக் கீழே இறங்க வேண்டியிருந்தது. ஒரு படி இறங்கினார், இரண்டாவது படியில் கால் வழுக்கிற்று. குடம் ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம். தண்ணீருக்குள் போனவர் பிடிக்க ஏதாவது கிடைக்காதா என்று துழாவியிருக்கிறார். மேலே வந்தபோது இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாகப் பொட்டலம். உள்ளே உப்பு பொரிமாவு மாதிரியே இருந்தது.

படியில் நின்றிருந்த கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு பெரியவர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அப்போ எங்க வேண்டுதல் எல்லாம் அப்பிடியேதான் கெடக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஈர வேட்டியோடு நின்ற பூசாரி தனக்குத் தெரிந்த சாஸ்திரத்தைச் சொன்னார்: "சாமிகிட்ட வந்து சேந்துடுச்சி. ஆனா சாமி இன்னும் பிரிக்கல."

தர்மகர்த்தாவுக்கு ஆள் போயிற்று. அவர் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தார். கொஞ்ச நாளாகவே அவர் மொபெட்டில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பார். வந்தவர் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"சாமி காரியத்துல வெளயாடிட்ட. நாளைக்கே எடத்தக் காலி பண்ணிடும்மா."

அத்தையின் உதடு துடித்தது. எத்தனையோ பேரை அதட்டி உட்காரவைத்த வாய் அது. அந்தச் சாக்கு விரித்த இடம் போய்விட்டால் அவளுக்கு ஊரில் சொந்தமாக உட்கார ஓர் இடமில்லை. எங்கள் வீட்டு அடுப்படி மூலைதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்மாவுக்கும் தெரியும்.

அத்தை புடவையை இழுத்துச் செருகினாள். "எழுந்து போவச் சொன்னா போறேங்க. ஆனா ஜனங்க போட்டதெல்லாம் உள்ள கெடக்குது. ஒண்ணு விடாம எடுத்துப் பிரிச்சிக் கரச்சிட்டு அப்புறம் பேசறேன். அதுவரைக்கும் என்னை எழுப்பாதீங்க."

"ஒண்ணு வுட்டுட்டா?"

"ஒண்ணு வுட்டுட்டேன்னாலும் எனக்கு அந்த எடம் வேணாம். நானே எழுந்து போயிடறேன். ஆத்தா மேல ஆணை."

சொன்ன கையோடு குளத்தில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால் விரலால் துழாவி, பொட்டலத்தைக் கவ்வி மேலே எடுத்து, மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தண்ணீரில் கொட்டுவாள். சும்மா கொட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். "யாரு பெத்த புள்ளயோ, நல்லாயிருக்கட்டும்." "இது கிழவரு கை முட்டி, போவட்டும்." "இது யாருதுன்னு தெரில ஆத்தா, ஒனக்குத் தெரியும்." நான் படியில் உட்கார்ந்து வெறும் கவர்களை வாங்கிக் குவித்தேன். நாங்கள் பெரிசாகத் தெரிய வேண்டுமென்று சில பொட்டலங்களில் காற்றை அடைத்து ஒட்டியிருந்தோம். அவை குளத்து நடுவில் யார் கண்ணிலும் படாமல் அல்லி இலைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு மிதந்தன. அவற்றை மூங்கில் கழியால் இழுத்தோம்.

ஒரு பொட்டலம் எவ்வளவு கடித்தும் கிழியவில்லை. அத்தை கடைவாய்க்கு மாற்றிக் கடித்தாள். "எந்தப் பாவி இப்பிடி ஒட்டினது? பல்லே போயிடும் போலருக்குது!" நான் மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அத்தை பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவ்வளவு துக்கத்திலும் தண்ணீருக்குள் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு தரம் ஒட்டினா ரெண்டு பங்கு போவும்னு நெனச்சியாடி?" என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தர்மகர்த்தா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் வந்தார். வேடிக்கை பார்த்தவர்களை, "போங்கப்பா, வேல இல்லயா?" என்று விரட்டினார். பிறகு படியோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்தக் கெழக்கால படியாண்ட கெடந்ததெல்லாம் எடுத்துட்டியா?"

"ஏங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர் ஒரு மத்தியானம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பொட்டலம் வாங்கியதும், ஆளில்லாத கிழக்குப் படியில் நின்று எறிந்ததும் அத்தைக்குத் தெரியாததல்ல. "அங்க யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் திரும்பிப் பாக்கறவ இல்ல" என்றாள். பிறகு கிழக்குப் பக்கமாகப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கிழித்து, சத்தமாகவே சொன்னாள்: "எங்க இருக்குற மருவா இருந்தாலும் செரி ஆத்தா, ஒக்கார முடியாத எடத்துல இருந்தாலும் செரி, கரஞ்சி போவட்டும்."

தர்மகர்த்தா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "அவசரமில்லம்மா. நிதானமாத் தேடி எடு" என்று சொல்லிவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார். காலி செய்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. தீபாவளிக்குள் மொபெட்டுக்குப் பெட்ரோலும் கிடைத்துவிட்டது.

அடுத்த வெள்ளியிலிருந்து அத்தை பூவரச இலையில் உப்பைக் கட்டி விற்றாள். இலை மிதக்கும், முடிச்சு அவிழும், உப்பு தானாகக் கரையும். என் மரு பொங்கல் சமயத்தில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. முகம் கழுவும்போது தேடிப் பார்த்தேன், காணோம். வெறும் கவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எறிய மனசில்லாமல் அத்தனையையும் கழுவிக் கொடியில் காயப்போட்டோம். தெருவுக்கே கொடுத்தோம். தெருக்காரர்கள் கிழிகிற வரை வைத்திருந்து கொல்லையில் போட்டார்கள். காற்று அதைக் கிளப்பிக்கொண்டுபோய் வேலிகாத்தான் முள்ளில் மாட்டிற்று. அப்பா உப்புப் பாத்தியிலிருந்து பொறுக்கி எடுத்து, "ஒங்க கம்பெனி மார்க்குதான்" என்று என்னிடமே கொண்டுவந்து நீட்டினார். அதற்குள் கோயில் வாசலில் குங்குமம், பொரி, தேங்காய் மூடி எல்லாமே கவருக்கு மாறிவிட்டன.

அடுத்த ஆடியில் அந்த எக்கியார்குப்பத்து மீன்காரம்மா பெண்ணோடு வந்தாள். பெண்ணின் கை அப்படியே இருந்தது.

அத்தைக்கு அது முள்ளாகக் குத்திற்று. "ஒண்ணு உள்ள இருக்குதுடி. கால்ல மாட்டல" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி பிறக்கும்போதும், சாக்கை விரிப்பதற்கு முன்னால், குளத்தில் இறங்கிப் படிப்படியாகக் காலால் துழாவுவாள். நாங்கள் கேலி செய்வோம். தர்மகர்த்தா மொபெட்டில் ஜம்மென்று உட்கார்ந்தபடி, "வுடும்மா, எல்லாருக்கும் எல்லாம் செரியாப் போச்சி" என்பார். அத்தை கேட்க மாட்டாள். சில நாள் வியாபாரத்துக்கு நடுவில் சாக்கைத் தடவிக்கொண்டே, "ஆத்தா மேல ஆணையிட்டேன். நான் இங்க ஒக்காரலாமான்னே தெரில" என்பாள். கடைசி வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்தாள், ஆனால் மனசு நிறைந்து உட்காரவில்லை. கேலி செய்த வாயை இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அத்தை போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன கோடையில் ஊருக்குப் போனபோது குளத்தில் பொக்லைன் இறக்கித் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கரையில் மலையாகச் சேறு. தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாக்கெட், பான்பராக் உறை என்று அந்தச் சேற்றில் மண்ணைத் தவிர எல்லாம் இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போனவள், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. சேற்றில் கண்ணாடிக் கவர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. உருவி, பாட்டில் தண்ணீரால் கழுவினேன். மூலையில் சின்னக் கொக்கி. ஒரு தரம் ஒட்டினதுதான், என்னுடைய வேண்டுதல் இல்லை. உள்ளே உப்பு கல்லாக இறுகியிருந்தது. நாலைந்து மிளகு.

அத்தை சொன்னது சரிதான். ஒன்று இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொக்லைன்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா, நகை கிகை கெடச்சுதா?" என்று கேட்டார். நான் குளத்து நடுவில் தேங்கியிருந்த தண்ணீர்வரை சேற்றில் இறங்கிப் போனேன். மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். முதுகைக் காட்டவில்லை, நேராக நின்று பார்த்தபடி கொட்டினேன். "யாரு பெத்த புள்ளயோ, நல்லாயிருக்கட்டும்" என்றேன். அந்த மீன்காரம்மாவின் பெண்ணுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். கல் கரைய நேரம் பிடித்தது. கடைசித் துண்டு கரைகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், அத்தைக்காக.

வெறும் கவர் கையில் இருந்தது. அதை எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்தேன். சேற்று மலையில் போட்டால் மறுபடியும் எங்கேயாவது போய்க் கிடக்கும். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது அத்தையின் இடத்தில், கீற்றுப் பந்தலுக்குப் பதிலாகப் போட்டிருந்த தகரத்துக்குக் கீழே, ஒரு சின்னப் பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் உப்பு மிளகுப் பொட்டலங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. மெஷினில் ஒட்டினது. கொக்கி கிக்கி ஒன்றும் இல்லை, வரி வரியாக ஒழுங்கான ஒட்டு.

"வாங்கக்கா, மரு, கொப்புளம், எல்லாத்துக்கும் நல்லது. தண்ணி வந்ததும் அப்பிடியே போடுங்க. பிரிக்கக் கூடாது. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காதீங்க" என்றாள்.

நான் செருப்பை அந்தாண்ட விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு பொட்டலத்தை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன்.

"ஏம்மா, ஒரு வாளித் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டேன்.